வாழை இலை ஓரத்துப் பழுப்பு

ஆலைக் குடியிருப்பு, குஜராத்
9 ஜூலை 2025

செல்விக்கு,

பார்சல் வந்தது. பெயிண்ட் டப்பா உடையவில்லை. முதல் பாடத்தை நீ எழுதியபடியே செய்தேன். தாளை நாலு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டினேன். பலகையைச் சாய்க்கச் சொன்னாய். எத்தனை டிகிரி என்று சொல்லவில்லை. பதினைந்து வைத்தேன். நீலத்தைக் கரைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். வந்தது வானம் இல்லை. சுண்ணாம்புச் சுவரில் மழைத்தண்ணீர் ஒழுகிய தடம். இத்துடன் அனுப்பியிருக்கிறேன், சிரித்துக்கொள்.

நான் ஆசைப்பட்டு இதில் இறங்கவில்லை. ஹெல்மெட் விஷயத்தை ஷிஃப்ட் இன்சார்ஜ் விடுவதாக இல்லை. கம்பெனி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கோபம் குறைய ஏதாவது கைவேலை பழகு, மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டு என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஹெல்மெட்டை நான் ஆள் மேல் எறியவில்லை, சுவர் மேல்தான் எறிந்தேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஃபோன் பண்ணாதே. நான் எடுக்கமாட்டேன். எடுத்தால் பக்கத்தில் அய்யா உட்கார்ந்திருப்பார். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் வைத்து நடந்ததை நான் மறக்கவில்லை. கிணற்றுக்குள் போர் போடாதே என்றார். பெற்ற அப்பனைப் பயந்தாங்கொள்ளி என்றேன். மறுவாரமே போர் வண்டியைக் கொண்டுவந்து நூற்றெண்பது அடி இறக்கினேன், தண்ணீர் கொட்டியது. தோட்டத்தின் கிழக்குத் துண்டை உப்பளம் போட, பக்கத்து உப்பளத்து மகாராஜனுக்குக் குத்தகைக்கு விடலாமா என்று யோசிப்பதாகவும் அன்றைக்கே சொன்னார். விட்டால் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். இப்போதும் அதேதான்.

என் திட்டம் மாறவில்லை. அக்டோபர் 31க்குள் ராஜினாமா கொடுத்தால் டிசம்பர் கடைசியில் விடுவார்கள். தையில் நம் வாழைத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறேன். அடுத்தவன் குடிக்க கடல்நீரை நல்ல நீராக்கிக் கொடுத்தது போதும். நமக்குக் கிணறு இருக்கிறது, போர் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

அடுத்த பாடத்தோடு நம் தோட்டத்தை வரைந்து அனுப்பு, பார்த்து வரைகிறேன். ஃபோட்டோ வேண்டாம். ஃபோட்டோவில் நிறம் பொய் சொல்லும் என்று நீதான் சொன்னாய்.

ஜெயகணேஷ்


17 ஜூலை 2025

அண்ணனுக்கு,

சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அய்யாவிடம் காட்டவில்லை, நீ காட்டச் சொல்லி எழுதவில்லையே.

உன் வானத்தில் தண்ணீர் குறைச்சல், அவசரம் அதிகம். ஒரு கோடு காய்வதற்குள் அடுத்த கோடு அதைத் தொட்டுவிட வேண்டும். நடுவில் எழுந்து எங்கேயோ போயிருக்கிறாய், அந்த இடம் பட்டை விழுந்திருக்கிறது. பொய் சொல்லாதே, தாளில் தெரிகிறது.

நான் பெரிய வாத்தியார் இல்லை. உன்னைவிட ஒரு பாடம்தான் முன்னால் இருக்கிறேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் கிராமத்துக் காட்சி வரையச் சொல்லித் தருகிறார். அவர் கிராமத்தில் பச்சைக் குன்றும் செம்மறி ஆடும் பனி மூட்டமும் இருக்கிறது. நமக்குக் குன்று எங்கே? தேரி மணல் மேட்டைக் குன்றாக வைத்துக்கொண்டேன். பனிக்குப் பதில் உப்பளத்துக் கானல்.

இரண்டாம் பாடம். தூரத்தில் இருப்பதை முதலில் வரை, வெளிறிய நீலமாக. கிட்டத்தில் இருப்பதைக் கடைசியில், கெட்டியாக. இந்த வண்ணத்தில் வெள்ளை கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும், அப்புறம் அழித்து எடுக்க முடியாது. முக்கியமானது இது: மனதில் இருப்பதை வரையாதே, கண் முன்னால் இருப்பதை வரை. வாழை என்றால் பச்சை என்று கையை நீட்டாதே. பார், பிறகு தொடு.

நீ கேட்ட படம் இத்துடன். கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரையே மொண்டு வைத்து வரைந்தேன். பனைமரம் கொஞ்சம் குடித்துவிட்டு நிற்பதுபோல் இருக்கும், மன்னித்துவிடு.

வேலையை விடுவதில் ஏன் இவ்வளவு அவசரம்? இன்னும் ஒரு வருஷம் பார்த்தால் என்ன?

இசக்கிசெல்வி


26 ஜூலை 2025

செல்விக்கு,

உன் படத்தை மேசையில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். வரைய அல்ல. மூன்று விஷயம் உறுத்துகிறது.

வாழை இலைகளின் ஓரத்தில் பழுப்பு வைத்திருக்கிறாய். ஒன்றிரண்டு இலையில் இல்லை, எல்லா மரத்திலும். ஓரம் மட்டும், நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி. கண் முன்னால் இருப்பதைத்தான் வரைய வேண்டும் என்று பாடம் சொன்னவள் நீ. அப்படியானால் அந்தப் பழுப்பு தோட்டத்தில் இருக்கிறது.

அடுத்தது, வானம் காய்ந்த இடத்தில் ஏதோ மினுங்குகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பொடிப் பொடியாக இருக்கிறது.

கடைசியாக, கிணற்றுக்குக் கிழக்கே எதுவும் இல்லை. மேற்கே வேலி வரைக்கும் வரைந்திருக்கிறாய், கிழக்கே இரண்டு வரிசை வாழையோடு தாள் முடிகிறது. கிணறு நடுவில் வர வேண்டியது வலது ஓரத்துக்குப் போய்விட்டது. தாள் போதவில்லை என்று சொல்லாதே, அளந்துவிட்டேன். கிழக்கை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறாய்.

கிழக்குத் துண்டை மகாராஜனுக்கு விட்டாயிற்றா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. ‘இன்னும் ஒரு வருஷம் பார்’ என்று நீ எழுதியதற்கு அர்த்தம் அதுதானா?

என் பனைமரமும் அனுப்பியிருக்கிறேன். குடிக்காத மரம்.

ஜெயகணேஷ்


4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

பனைமரத்துக்கு ஸ்கேல் வைத்தாயா? வைத்திருக்கிறாய். தந்திக்கம்பத்தில் ஓலை செருகினது மாதிரி இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. கிழக்குத் துண்டை யாருக்கும் விடவில்லை. அதில் வாழைதான் நிற்கிறது.

இது ஆடி மாதம். காற்று எப்படி அடிக்கும் என்று குஜராத்துக்குப் போய் மறந்துவிட்டாயா? இலை கிழிந்தால் ஓரம் காயும். மினுமினுப்பு மலிவுப் பெயிண்டில் இருப்பது, திருச்செந்தூர்க் கடையில் வேறு இல்லை. கிணற்றை ஓரத்தில் வைத்தது அழகுக்கு. எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கும் என்று அந்த வெள்ளைக்காரர்தான் சொன்னார்.

நேற்று மகாராஜன் அண்ணாச்சி வந்திருந்தார். உன் பனைமரத்தைப் பார்த்துவிட்டு, “ஏளா, ஒங்க அண்ணன் நல்லாக் கோடு போடுதானே. உப்புப் பாத்திக்கு வரப்புப் போட ஆள் இல்லாமக் கெடக்கேன். வேலைய விட்டுட்டு வந்தா நேரா இங்கன வரச் சொல்லு” என்றார். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

மூன்றாம் பாடம் சின்னத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், நீலத்தில் சிவப்பைத் தொட்டுக் கல.

செல்வி


14 ஆகஸ்ட் 2025

செல்விக்கு,

மகாராஜனுக்கு நம் வீட்டில் என்ன வேலை? பங்குனிக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவார். இப்போது என் பனைமரத்தைப் பார்க்கும் அளவுக்கு வந்து உட்காருகிறார். நான் வேலையை விடப்போவது அவருக்கு எப்படித் தெரியும்?

நீ இல்லை என்று எழுதியதை நம்பலாம் என்றுதான் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. உன் படத்தின் அடியில் ஒரு விரல் அகலம் வெட்டினேன். மன்னித்துக்கொள், வானத்தைத் தொடவில்லை. அதைச் சுத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, ஆலை லேபில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீரில் உப்பு இருந்தால் வெளுக்கும், இல்லையென்றால் அப்படியே இருக்கும்.

பால் மாதிரி வெளுத்தது.

நீ அனுப்பிய தாளில் வண்ணம் படாத ஒன்றையும் அதேபோல் ஊறப்போட்டேன். வெளுக்கவில்லை. என் படத்தையும் வெட்டிப் போட்டேன், அதே டப்பாப் பெயிண்ட்தான். அதுவும் வெளுக்கவில்லை. தாளில் உப்பு இல்லை, பெயிண்டில் உப்பு இல்லை. மிச்சம் இருப்பது தண்ணீர். கிணற்றில் மொண்டு வரைந்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நம் கிணறு உப்பாகிவிட்டது. இலை ஓரம் கருகுவது அதனால்தான், காற்றால் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் மகாராஜன் பாத்தியில் உப்புத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார், அது இறங்கி வந்திருக்கிறது. அய்யா அவருக்குப் பயந்துகொண்டோ தோது பண்ணிக்கொண்டோ வாயை மூடிக்கொண்டிருக்கிறார். உன்னையும் மூட வைத்திருக்கிறார்.

கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிவிட்டேன். நகல் இத்துடன். உன் பதிலைப் பார்த்துவிட்டு அனுப்புவேன்.

ஜெயகணேஷ்


23 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

படத்தை வெட்டிவிட்டாயா? நான் முதன்முதலாக முடித்த படம் அது.

மனுவை அனுப்பாதே. சொல்வதைக் கேள். நேற்று நாலாம் பாடம் பார்த்தேன். ஈரமான வண்ணத்தின் மேல் கல்லுப்பைத் தூவ வேண்டும். ஒவ்வொரு உப்பும் தன்னைச் சுற்றியிருக்கும் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் அந்த இடமெல்லாம் பூப்பூவாக வெளுத்திருக்கும். புல், புதர், மணல் எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்யலாம். மாதிரி ஒன்று அனுப்பியிருக்கிறேன். அந்த ஆளுக்கு உப்பு கடையில் வாங்க வேண்டும், நமக்கு வாசலில் கிடக்கிறது.

உனக்கு அனுப்பிய தோட்டப் படத்திலும் தரைக்கு உப்புத் தூவினேன், சொல்ல மறந்துவிட்டேன். நீ பிடித்த உப்பு அதுதான். கிணற்றிலிருந்து வந்தது இல்லை. இதற்கு ஒரு மனிதர் மேல் மனுப் போட்டால் நாளைக்கு அம்மா அவர் முகத்தில் எப்படி முழிப்பாள்?

லேபில் அவ்வளவு நேரம் நின்றவன் அதில் பாதி நேரம் பிரஷைப் பிடித்திருந்தால் பனைமரம் வளைந்திருக்கும்.

செல்வி


1 செப்டம்பர் 2025

செல்விக்கு,

கல்லுப்பு கேண்டீனில் கேட்டு வாங்கித் தூவிப் பார்த்தேன். நீ சொன்னது உண்மை. உப்பு விழுந்த இடமெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெளுத்தது. பக்கத்து அறை கிளாட்வின் மணப்பாடு ஆள், அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏலே, கடக்கரைல பொறந்துட்டு உப்பப் பாத்து இப்பிடி ஆச்சரியப்படுதியே” என்றான். என் வாழ்க்கையில் உருப்படியாக வந்த முதல் தரை அது. அரைநாள் சந்தோஷமாக இருந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன்.

எடுத்தபிறகு உன் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன்.

நாலாம் பாடத்தை ஆகஸ்ட் 22இல் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். ‘நேற்று’ என்பது உன் வார்த்தை. படம் எனக்கு வந்தது ஜூலையில். ஒரு மாதம் கழித்துக் கற்றுக்கொள்ளப் போவதை ஜூலையில் எப்படித் தூவினாய்? இன்னொன்று. உப்புத் தூவினால் நட்சத்திரம் விழுகிறது. உன் படத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வானத்தில் தேடினேன், தரையில் தேடினேன். வழுவழுவென்று இருக்கிறது.

எனக்காக ஒரு பொய் தயாரித்திருக்கிறாய். நல்ல பொய்தான். தேதி போடாமல் எழுதியிருக்கலாம்.

இனிமேல் வார்த்தை வேண்டாம். ஒரு வெறுந்தாளை எடு. பெயிண்ட் வேண்டாம், உப்பு வேண்டாம். கிணற்றில் நீயே இறைத்த தண்ணீரில் பிரஷை நனைத்துத் தாள் முழுக்க மூன்று தடவை இழுத்துக் காயவைத்து அனுப்பு. தாளின் பின்னால் கையெழுத்துப் போடு.

ராஜினாமாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் எதை நம்பி வருகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயகணேஷ்


12 செப்டம்பர் 2025

இந்தா உன் தாள். மூன்று தடவை இழுத்தாயிற்று. பின்னால் கையெழுத்து இருக்கிறது. கட்டைவிரல் ரேகையும் வேண்டுமென்றால் எழுது.

கூடப் பிறந்தவளை மாதிரியா நடத்துகிறாய்? உன் ஆலையில் கசிகிற குழாயைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாய்.

ஐந்தாம் பாடம் அனுப்பவில்லை. கேட்டால் அனுப்புகிறேன்.

இசக்கிசெல்வி


20 செப்டம்பர் 2025

செல்விக்கு,

உன் தாளைச் சோதித்தேன். சில்வர் நைட்ரேட் விட்டதும் கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு துளி வெளுப்பு இல்லை.

அதில்தான் மாட்டிக்கொண்டாய். நம் கிணறு நன்றாக இருந்த காலத்திலேயே அப்படி இருந்ததில்லை. நான் டிப்ளமா படிக்கும்போது ஒரு பாட்டில் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறேன், லேசாகக் கலங்கும். நம் கடற்கரையில் எந்தக் கிணற்றுத் தண்ணீரும் கலங்கும். கலங்காத தண்ணீர் ஒன்றுதான் உண்டு, கடையில் வாங்கும் கேன் தண்ணீர். கேன் தண்ணீரை இழுத்துவிட்டுப் பின்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

இரண்டு பொய். இரண்டும் மகாராஜனைக் காப்பாற்ற. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மனுவை நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதிகாரிகள் வந்து பார்க்கட்டும். நீ ஒளித்தாலும் கிணறு ஒளிக்காது.

ஜெயகணேஷ்


8 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

நேற்று வருவாய் ஆய்வாளர் வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை நான் எழுதுவது அய்யாவுக்குத் தெரியாது. எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருக்கிறார்.

முதலில் மகாராஜன் அண்ணாச்சியின் உப்பளத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து அவரையும் கூட்டிக்கொண்டு நம் கிணற்றுக்கு வந்தார்கள். ஊர் ஆட்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆய்வாளர் மனுவைப் பிரித்து உன் பெயரை வாசித்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, “நம்ம பிச்சையா மவன் சார், வெளியூர்ல இருக்கான்” என்று மட்டும் சொன்னார்.

“பெரியவரே, கிணத்துல உப்பு எப்பத்துல இருந்து?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“வைகாசிலருந்து சார்” என்றார் அய்யா.

“உப்பளத்துனாலதானா?”

“இல்ல சார். அவரு பாத்தி இருவது வருசமா அங்கனதான் இருக்கு. அப்பம்லாம் இனிச்ச தண்ணி. கிணத்துக்குள்ள நூத்தியெண்பது அடி போர் எறக்குனோம். அடில கெடந்த உப்பு மேல ஏறிட்டு.”

“அவ்வளவு ஆழம் யாரு போடச் சொன்னா?”

அய்யா கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, “நாந்தான் சார். பேராசைல போட்டுட்டேன்” என்றார்.

ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அய்யா கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அய்யாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உப்பளத்தைப் பார்க்க நடந்துவிட்டார்.

இதுதான் விஷயம். நீ போட்ட போர். நீ ரயில் ஏறி ஒரு மாதத்தில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. அய்யா ஒரு வாளி இறைத்து, “ஏளா, குடிச்சுப் பாரு” என்றார். எனக்குக் குமட்டியது. நல்ல தண்ணி மேலதான் நிக்கும், அடிய நோண்டக்கூடாது என்று கோயிலில் உன்னிடம் கெஞ்சியவர், அன்றைக்கு ஒரு வார்த்தை உன்னைத் திட்டவில்லை. “அவங்கிட்டச் சொல்லாத. அவன் படிச்சதே தண்ணிப் படிப்பு. தண்ணியத் தானே கெடுத்தோம்னு தெரிஞ்சா அந்த வேலைல அவனுக்குக் கை ஓடாது. ரெண்டு மழை பெய்யட்டும், தன்னால மாறும்” என்றார். தினமும் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். மாறவில்லை.

கிழக்கே ஏன் வரையவில்லை என்று கேட்டாயே. அங்கே ஒரு சிவப்பு டேங்கர் நிற்கும். மகாராஜன் அண்ணாச்சி தன்னுடைய டிராக்டரில் ஆற்றுக் கால்வாய்ப் பக்கம் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வாரம் மூன்று நடை. அதனால்தான் வீட்டில் வந்து உட்கார்ந்தார். டேங்கரை வரைந்தால் நீ கேட்பாய் என்று வெட்டினேன். ஆனால் எந்தத் தண்ணீரைத் தொட்டு வரைகிறோம் என்று யோசிக்கவில்லை. பழுப்பையும் யோசிக்கவில்லை. இலை அப்படி இருந்தது, வரைந்தேன்.

நீ வேலையை விட்டுவிட்டு இந்தக் கிணற்றை நம்பி வரக்கூடாது, நீதான் கெடுத்தாய் என்று தெரியவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரியாமல்தான் உப்புத் தூவியதாக எழுதினேன், கேன் தண்ணீரை இழுத்தேன்.

நேற்று டேங்கர் வர வேண்டிய நாள். வரவில்லை. இன்றும் வரவில்லை.

செல்வி


16 அக்டோபர் 2025

செல்விக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் நான் உன்னை நம்பவில்லை. பழக்கம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடலிலிருந்து தூரம், கிணற்றின் ஆழம், போரின் ஆழம், மோட்டார் ஓடும் நேரம். கணக்கும் நீ சொன்னதையே சொன்னது.

கடற்கரை மண்ணில் நல்ல தண்ணீர் பாலாடை மாதிரி உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. மெதுவாக எடுத்தால் மேலே இருப்பது வரும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சினால் கீழே இருப்பது கூம்பு மாதிரி எழும்பி வரும். இது அய்யாவின் பயம் இல்லை, பாடம். ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பலகையில் படம் போட்டு இதை நடத்துவது நான்தான். ஜூன் மாதம்கூட நடத்தினேன். அந்தப் படத்தில் நம் ஊர்க் கிணறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அய்யா அதைக் கோயிலில் நின்று நாலு வார்த்தையில் சொன்னார். அவர் சொன்னதால் கேட்கவில்லை.

ஜூலையிலிருந்து தாளை வெட்டினேன், தேதியைச் சோதித்தேன், மகாராஜனைச் சந்தேகித்தேன், அய்யாவை, உன்னை. என் போரை ஒரு தடவைகூடச் சந்தேகிக்கவில்லை.

ஆய்வாளரின் அறிக்கையில் ஒரு தவறான தகவல் இருக்கிறது. அதைத் திருத்த இன்னொரு மனு அனுப்பியிருக்கிறேன். கீழே இருப்பதை அய்யாவிடம் வாசித்துக் காட்டு. ஒரு நகலை மகாராஜன் அண்ணாச்சியிடம் நீயே கொண்டுபோய்க் கொடு.

‘ஐயா, 19.9.2025 அன்று நான் அனுப்பிய மனு தவறானது. எங்கள் கிணறு உப்பானதற்கு உப்பள உரிமையாளர் திரு. மகாராஜன் காரணம் அல்ல. போர் போட்டதாக என் தந்தை கொடுத்த வாக்குமூலமும் உண்மை அல்ல. அவர் வேண்டாம் என்று தடுத்தார். அவரை மீறிப் போர் போட்டவன் பி. ஜெயகணேஷ், த/பெ பிச்சையா, ஆகிய நான். முன் மனுவை ரத்துசெய்து இதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.’

வேலையை விடவில்லை. கிணறு தெளிய இரண்டு மழைக்காலமாவது பிடிக்கும். அதுவரைக்கும் வாழை வேண்டாம், உப்பு தாங்குகிற பயிர் என்ன என்று அய்யா சொல்லட்டும். போரை அடைக்க வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் நிற்காது, அடியிலிருந்து சிமெண்ட் இறக்கி அடைக்க வேண்டும். அதை நான்தான் செய்வேன். இருபது நாள் லீவு கேட்டிருக்கிறேன். மோட்டாரை இன்றைக்கே கழற்றிவிடு.

படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஸ்கேல் வைக்கவில்லை. இலை ஓரத்துக்குப் பழுப்பு வைத்தேன். கிழக்கே சிவப்பு டேங்கரும் இருக்கிறது, நீ சொன்னதை வைத்து வரைந்ததால் சக்கரம் எத்தனை என்று தெரியவில்லை. கிணற்றை மட்டும் வரையவில்லை. எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன், ஆழம் எவ்வளவு என்றுதான் பார்த்தேன். வந்து உட்கார்ந்து பார்த்து வரைகிறேன். அந்த இடத்தில் தாளை விட்டுவைத்திருக்கிறேன்.

ஐந்தாம் பாடம் என்ன?

ஜெயகணேஷ்


24 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

அய்யாவிடம் வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். “த/பெ பிச்சையான்னு போட்டுருக்கானா?” என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். தாளை வாங்கி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை எடுக்கவில்லை.

அண்ணாச்சியிடம் நகலைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “ஏளா, பாத்திக்கு வரப்புப் போட வரச் சொன்னேன்லா, அது இருக்கட்டும். மொதல்ல வந்து எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு” என்றார். கோபம் போகவில்லை. ஆனால் இன்று காலை டேங்கர் வந்தது. சக்கரம் நாலு.

மோட்டாரைக் கழற்றிவிட்டோம். அய்யா சிமெண்ட் வைக்கக் கொட்டகையில் இடம் ஒதுக்கி, பலகை போட்டு, மேலே தார்ப்பாயும் கட்டிவிட்டார். நான் கேட்கவில்லை.

உன் படத்தை அம்மா சுவரில் ஒட்டியிருக்கிறாள். அய்யா நின்று பார்த்தார். நடுவில் வெள்ளையாக இருந்ததைக் காட்டி, “இது என்னது, வரையாம விட்டுட்டான்?” என்றார்.

“கிணறு. வந்து பாத்துத்தான் வரைவானாம்” என்றேன்.

போகும்போது திரும்பாமல் சொன்னார்: “வண்டி என்னைக்குன்னு கேளு. திருநெவேலி டேசனுக்கு நானே போறேன்.”

என்றைக்கு?

செல்வி